சொன்னவர் பெயர் எழுதாத சீட்டு

பிப்ரவரி 11

அன்புள்ள சிவப்புப் பேனாவுக்கு,

வியாழக்கிழமை ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறந்தேன். கேஸ் மூடியிருக்கு. குடத்துல தண்ணி பிடிச்சு வச்சிருக்கு. என் சட்டை நாலும் இஸ்திரி போட்டு அடுக்கியிருக்கு. உன் பெட்டியை மட்டும் காணோம். இவ்வளவு ஒழுங்கா எல்லாத்தையும் செஞ்சு வச்சுட்டுப் போனா மனுஷனுக்குப் பயமா இருக்காதா? கோவத்துல போறவ ரெண்டு பாத்திரத்தையாவது உருட்டிட்டுப் போகக் கூடாதா?

மறுநாள் உன் அக்கா வீட்டுக்குப் போன் பண்ணினேன். நீ தூங்குறேன்னு அக்கா சொன்னாங்க. அப்போ காலையில பதினோரு மணி. கல்யாணம் ஆகிப் பதினாறு வருஷம் ஆச்சு, காலை ஆறு மணிக்கு மேல நீ தூங்கி நான் பார்த்ததே இல்லை. அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியலைன்னு சொல்லு.

சாப்பாட்டு மேசையில நீ வச்சுட்டுப் போன புரூஃப் தாளைப் பார்த்தேன். நம்ம ஆங்கில-தமிழ் அகராதியோட 'பி' வரிசை, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு. 'பிவில்டர்'ங்கிற சொல்லுக்குக் கீழே நான் கொடுத்த எடுத்துக்காட்டு வாக்கியத்தைச் சுத்தி ஒரு சிவப்பு வட்டம். அவ்வளவுதான். இத்தனை வருஷத்துல பிழைன்னு வட்டம் போட்டுட்டு, ஓரத்துல திருத்தம் எழுதாம நீ ஒரு பக்கத்தையும் அனுப்பினது இல்லை. பிழை என்னன்னு சொன்னாத்தானே திருத்த முடியும்?

உடம்பு நல்லா இருக்கா? பக்கத்து வீட்டம்மா நீ எங்கன்னு கேட்டாங்க. அக்காவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லி வச்சிருக்கேன். பாவம், அக்கா மேல பழி.

சீட்டுக்காரன்

பிப்ரவரி 17

சீட்டுக்காரருக்கு,

போன் பண்ணாதீங்க. வாயைத் திறந்தா நீங்க விளக்கம்தான் சொல்லுவீங்க, அதைக் கேட்டுக்கிட்டு நிக்க எனக்குத் தெம்பு இல்லை. எழுதுங்க. எழுத்துல பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும், அதான் என் பொழப்பு.

பிழை என்னன்னா கேக்குறீங்க? 'பி' வரிசையை எப்பவும் பார்க்குறவங்க லீவுல போனதால அந்தக் கட்டு என் கைக்கு வந்தது. வந்திருக்காட்டி எனக்குத் தெரியாமலே அச்சாகியிருக்கும். புரூஃபை மூலச் சீட்டோட ஒப்பிட்டுப் பார்க்கணுங்கிறது வேலை. பார்த்தேன். உங்க கையெழுத்துல ஒரு சீட்டு.

சொல்: பிவில்டர். எடுத்துக்காட்டு: 'எந்தப் பக்கம் போகணும்னு தெரியலையே.' இடம்: ஆஸ்பத்திரி, மூணாவது மாடி. நேரம்: மூணு ஐம்பது. நாளும் போட்டிருந்தது. அந்த நாளை நான் இங்க எழுத மாட்டேன். நம்ம பொண்ணு, நம்ம வாலு செத்துப் போன நாள்.

சொன்னவர்ங்கிற இடத்துல மட்டும் ஒண்ணும் இல்லை. ஏன், என் பேரை எழுதக் கூச்சமா இருந்துச்சா?

நம்ம அகராதிக்கு ஒரு சட்டம் உண்டு, கற்பனை வாக்கியம் கூடாது, யாரோ வாய் திறந்து சொல்லிக் காதால கேட்டதாத்தான் இருக்கணும்னு. அதுக்காக நீங்க சட்டைப் பையில வெத்துச் சீட்டோட திரியறதைப் பார்த்து நான் சிரிச்சிருக்கேன். 'சீட்டுக்காரர்'னு பேர் வச்சதே நான்தான். எதிர் வீட்டுக்காரர் நீங்க சீட்டுக் கம்பெனி நடத்துறதா நினைச்சு, மாசத் தவணை எவ்வளவுன்னு கேட்டாரே, அன்னைக்கு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். 'முட்டாள்', 'மூளை கெட்ட', 'உதவாக்கரை'ன்னு வர்ற இடத்துல எல்லாம் நான் உங்களைத் திட்டினதுதான் எடுத்துக்காட்டா இருக்கு. அதுக்கெல்லாம் நான் ஒரு வார்த்தை சொன்னது உண்டா?

ஆனா இது வேற. அன்னைக்கு அவளை அறையில இருந்து எடுத்துட்டுப் போனப்புறம், அந்த வராந்தாவுல, எந்தப் பக்கம் போகணும்னு தெரியலையேன்னு நான் புலம்பிக்கிட்டே நின்னேன். ஒரு கதவைத் திறந்தா எக்ஸ்ரே ரூம், இன்னொண்ணைத் திறந்தா துணி துவைக்கிற இடம். என் பிள்ளையை எங்க கொண்டு போனாங்கன்னு தெரியலை. அப்போ என் கையைப் பிடிக்க வேண்டிய கை, பேனாவைப் பிடிச்சிருக்கு. அடப்பாவி மனுஷா, எப்படி மனசு வந்தது?

அந்த வாக்கியத்தை எடுங்க. அது அச்சானா நான் அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்.

பி.கு. உங்க கடிதத்துல ஒரு எழுத்துப்பிழையும் இல்லை. மூணு தடவை நகல் எடுத்திருக்கீங்க. அதுவும் ஆத்திரமா வருது.

பிப்ரவரி 25

அன்புள்ள உனக்கு,

எடிட்டர்கிட்டப் பேசினேன். பக்கம் கட்டி முடிச்சாச்சு, ஏப்ரல் இருபதாம் தேதி அச்சுக்குப் போகுது, ஒரு வரி எடுத்தா நாப்பது பக்கம் நகரும், வேணும்னா அதே நீளத்துல வேற வாக்கியம் கொடுன்னார். சொன்னாரே தவிர, என் முகத்தைப் பார்த்துட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் யாரையும் உக்காரச் சொல்லி நான் பார்த்தது இல்லை.

வேற வாக்கியம் தேடிப் பார்த்தேன். அந்தச் சொல்லுக்கு முதல்ல நான் 'குழப்பம்'னுதான் பொருள் எழுதியிருந்தேன். அப்புறம் அடிச்சுட்டேன். குழப்பம்னா வழி நாலு இருக்கு, எதுல போறதுன்னு தெரியலை. இது அது இல்லை. 'வில்டர்'னு பழைய வினைச்சொல் ஒண்ணு இங்கிலீஷ்காரங்ககிட்ட இருந்தது. ஆளைக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய் வழி தவற விடுறது. அதுக்கு முன்னால 'பி' சேர்த்தா, முழுக்கத் தவற விடுறது. முன்னூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, காடு போயிடுச்சு, தவறினது மட்டும் மிச்சம் இருக்கு. நம்மகிட்ட 'திகைப்பு' இருக்கு. பழைய பாட்டுகள்ல 'திகை'ன்னா திசைன்னே பொருள் வருது. ரெண்டும் ஒரே வேர்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், எடிட்டர் காதைத் திருகிடுவார். ஆனா திக்குத் தெரியாம நிக்கிறவனைப் பார்த்துத்தான் ரெண்டு ஊர்க்காரனும் சொல் தேடியிருக்கான்.

இதே குடும்பத்துல 'ஃப்ளாபர்காஸ்ட்'னு ஒண்ணு இருக்கு, மலைச்சுப் போறது. எங்கேயிருந்து வந்ததுன்னே யாருக்கும் தெரியாது, ஒரு நாள் திடீர்னு பத்திரிகையில வந்து உக்காந்துக்கிச்சு. 'டம்ப்ஃபவுண்ட்'னு ஒண்ணு, வாயடைச்சுக் கலங்கிப் போறது. அதுக்கு எடுத்துக்காட்டு நானே இருக்கேன். 'டி' வரிசை வரட்டும்.

அந்த வாக்கியத்தைப் பத்தி நீ நினைக்கிறது முழுசா சரி இல்லை. அதுக்கு மேல எழுத இன்னைக்குக் கை வரலை.

சீட்டுக்காரன்

மார்ச் 3

சீட்டுக்காரருக்கு,

வீடு பத்தி எரியும்போது நெருப்புக்கு வேர்ச்சொல் தேடுற ஆளை இப்பத்தான் பார்க்குறேன். பாடம் நடத்துறீங்களா எனக்கு? காடாம், திசையாம்!

நான் இங்க என்ன பண்றேன்னு கேக்கலை நீங்க. அக்கா தையல் கடையில உக்காந்து பள்ளிக்கூட யூனிஃபார்முக்குப் பட்டன் வைக்கிறேன். சைஸ் சைஸா அடுக்கி வச்சிருக்கா. ஏழு வயசுக் கட்டு வந்தா அக்கா பேசாம எடுத்துத் தன் பக்கம் வச்சுக்குறா. நேத்து மறந்துட்டா போல. அரைக் கட்டு தச்சு முடிச்சப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சது. எந்திரிச்சுப் போய் முகம் கழுவிட்டு வந்து மிச்சத்தையும் தச்சேன்.

எனக்குத் திசை தெரியாதுங்கிறது ஊரறிஞ்ச விஷயம். நம்ம தெருவுக்கே நான் சுத்தி வந்து சேருவேன். கடைத்தெருவுல நான் 'எந்தப் பக்கம் போகணும்னு தெரியலையே'ன்னு நின்னா, வாலு இடுப்புல கையை வச்சுக்கிட்டு அதையே என்னை மாதிரி இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டுவா. அப்புறம் கையைப் பிடிச்சு, 'இந்தப் பக்கம்மா, என் பின்னாலயே வா'ம்பா. ஏழு வயசுக் கழுதை என்னை ஊர் முழுக்கக் கூட்டிட்டுப் போச்சு. அன்னைக்கு வராந்தாவுல நான் அதைச் சொன்னப்போ, பதிலுக்கு அந்தக் குரல் வரலை. அதைத்தான் நீங்க சீட்டுல எழுதி, புள்ளி வச்சு முடிச்சிருக்கீங்க.

'முழுசா சரி இல்லை'ன்னா என்ன அர்த்தம்? மிச்சம் என்ன? பாதி வாக்கியத்தோட பக்கத்தை முடிக்கக் கூடாதுன்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?

அச்சுக்குப் போற தேதி வரைக்கும் பார்ப்பேன். அதுக்கப்புறம் என் துணிமணியை எடுக்க ஒரு தடவை வருவேன். நீங்க ஆபீஸ்ல இருக்கிற நேரமாப் பார்த்து வருவேன்.

மார்ச் 15

அன்புள்ள உனக்கு,

இது நகல் எடுக்காத கடிதம். பிழை இருந்தா இருக்கட்டும்.

அந்த வாக்கியம் நீ சொன்னது இல்லை. நீ வராந்தாவுல நின்னப்போ நான் பேனாவைத் தொடலை. நீ அங்க என்ன சொன்னேன்னுகூட எனக்குத் தெரியாது. நான் உள்ளேதான் உக்காந்திருந்தேன், எழுந்திருக்க முடியலை. அதுக்கு நீ என்னைத் திட்டு, அது நியாயம்.

சீட்டுல போட்டிருக்கிற நேரத்தைப் பாரு. மூணு ஐம்பது. நீ அறைக்குள்ள வந்தப்போவே மணி நாலு அடிக்கப் போகுது, வராந்தாவுல நின்னது அதுக்கும் அப்புறம். உன் கண்ணுல எத்தனை பிழை தப்பாம சிக்கியிருக்கு, இது மட்டும் எப்படித் தப்பிச்சது?

அன்னைக்கு மத்தியானம் டாக்டர் வந்து காய்ச்சல் இறங்குதுன்னு சொன்னார். ரெண்டு நாளா நீ பச்சைத் தண்ணி குடிக்கலை. போக மாட்டேன்னுதான் சொன்னே. நான்தான் விரட்டினேன். 'வீட்டுக்குப் போய்க் குளிச்சு ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வா, நான் எங்க ஓடிடப் போறேன்'னேன். நீ போய் ஒரு மணி நேரம் கழிச்சு அவ கண்ணைத் திறந்தா. உடம்பு அனலா கொதிச்சது. நர்ஸைக் கூப்பிட்டேன், அவங்க டாக்டரைக் கூப்பிட ஓடினாங்க. அவ என்னைப் பார்த்தா. நான்தான்னு அவளுக்குத் தெரிஞ்சதான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை. கூட்டத்துல தொலைஞ்ச பிள்ளை மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துட்டு, மெதுவா, தெளிவாச் சொன்னா: 'எந்தப் பக்கம் போகணும்னு தெரியலையே.' இழுத்துச் சொல்லலை. உன்னைக் கிண்டல் பண்ணலை. நிஜமாவே தெரியாமதான் கேட்டா.

நீ வந்து என் தோளைப் பிடிச்சு உலுக்கினே. 'ஏதாவது சொன்னாளா, என்னைக் கேட்டாளா'ன்னே. நான் இல்லைன்னு தலையாட்டினேன்.

சீட்டை எப்போ எழுதினேன்னு நிச்சயமாச் சொல்ல முடியலை. அந்த நாற்காலியிலதான். மறந்துடுமோன்னு பயம். என் கைக்கு வேற வேலை தெரியாது. சொன்னவர்னு ஒரு இடம் இருக்கு பாரு, அங்க அவ பேரை எழுத முடியலை. எழுதினா முடிஞ்சு போயிடும்னு தோணிச்சு. நாலு வருஷம் அது அலமாரியில ஒரு கவருக்குள்ள இருந்தது. 'பி' வரிசை வந்தப்போ அந்தச் சொல்லுக்கு ஒரு வாக்கியமும் சரியா அமையலை. கவரைப் பிரிச்சேன். நம்மளை விட்டா அவ பேசினது யார் காதுல இருக்கு? அச்சுல ஒரு வரியாவது அவ குரலா இருக்கட்டும்னு நினைச்சேன்.

சீட்டு என் கையில இருக்கு. நீ கிழின்னா கிழிக்கிறேன்.

சீட்டுக்காரன்

மார்ச் 19

நாலு வருஷம்.

எத்தனை தடவை கேட்டிருப்பேன்? குளிக்கிறப்போ, பஸ்ஸுல, பாத்திரம் தேய்க்கிறப்போ நடுவுல கையை நிறுத்திட்டு வந்து, 'நிஜமா ஒண்ணுமே சொல்லலையா'ன்னு கேட்டேனா இல்லையா? ஒவ்வொரு தடவையும் நீங்க இல்லைன்னீங்க. என் பிள்ளை ஒரு வார்த்தைகூட விட்டுட்டுப் போகலைன்னு நான் நாலு வருஷமா வெறுங்கையோட உக்காந்திருந்தேன். உங்க அலமாரியில அது கவருக்குள்ள இருந்திருக்கு. நான்தான் அந்த அலமாரியைத் தினமும் துடைச்சேன்.

கிழிச்சா கையை வெட்டுவேன்.

ஒரே ஒரு கேள்வி கேக்குறேன். அவ எந்தப் பக்கம் போகணும்னு உங்களைக் கேட்டிருக்கா. நீங்க என்ன சொன்னீங்க?

மார்ச் 28

அன்புள்ள உனக்கு,

நீ இதைக் கேப்பேன்னு தெரியும். இதுக்குப் பயந்துதான் மத்ததையும் மறைச்சேன்.

கனவுல எங்கேயோ தொலைஞ்சுட்டா, கடைத்தெருவுலயோ பள்ளிக்கூடத்துலயோ நிக்கிறான்னு நினைச்சேன். பயப்படக் கூடாதேன்னு இருந்தது. உன்னைத் தேடுறாளோன்னும் இருந்தது. கதவைக் கையால காட்டினேன். 'அந்தப் பக்கம்டா கண்ணு. அம்மா அங்கதான் நிக்கிறா. போ'ன்னு சொன்னேன்.

போன்னு சொன்னேன்.

அவ கதவுப் பக்கம் தலையைத் திருப்பினா. முகத்துல இருந்த கலவரம் போயிடுச்சு. 'ம்'னா. கண்ணை மூடினா. டாக்டர் உள்ள வந்தப்போ எல்லாம் ஆகிப் போச்சு.

அங்க நீ இல்லை. கதவுக்கு வெளியே யாரும் இல்லை, காலி ஸ்ட்ரெச்சர் ஒண்ணு நின்னுச்சு. பொய் சொல்லி அனுப்பிட்டேன். வழி தெரியலையேன்னு நின்ன பிள்ளையை, நில்லுடான்னு கையைப் பிடிச்சு நிறுத்தாம, நானே வழி காட்டி அனுப்பி வச்சுட்டேன். வார்த்தையை வச்சுப் பிழைக்கிறவன் நான், 'இரு'ன்னு ஒரு சொல் எனக்கு வரலை. காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய் வழி தவற விடுறதுன்னு அந்தச் சொல்லுக்கு மூலம் எழுதினப்போ, ஒவ்வொரு எழுத்தும் என்னைத்தான் பார்த்துச்சு.

உன் முகத்தைப் பார்த்து இதை எப்படிச் சொல்லுவேன்? போன்னு சொன்னவன் நான். உன்னையும் போன்னேன், அவளையும் போன்னேன்.

நீ வரலைன்னா நான் கேக்க மாட்டேன். உன் துணிமணியை எடுக்க எந்த நாள் வர்றேன்னு எழுது. நான் ஆபீஸ்ல இருக்கேன்.

ஏப்ரல் 6

என்னங்க,

உங்க கடிதம் வந்து ஒரு வாரம் ஆச்சு. அக்கா ரெண்டு நாள் என்னைக் கடைக்கு வர வேண்டாம்னுட்டா. ஊசியைக் கையில குத்திக்கிறேனாம்.

ஒரு புரூஃப் திருத்தம் சொல்லணும். உங்க கடிதத்துல பிழை இருக்கு.

அன்னைக்கு நான் வீட்டுக்குப் போனேன். குளிச்சேன். சாப்பிட உக்காந்தேன், இறங்கலை, தட்டை அப்படியே வச்சுட்டுக் கிளம்பிட்டேன். ஆஸ்பத்திரி வாசல்ல பெரிய கடிகாரம் இருக்கே, உள்ள நுழையும்போது பார்த்தேன், மூணு நாப்பத்தஞ்சு. லிஃப்டுக்குக் கூட்டம் நின்னுச்சு. படியேறினேன். ரெண்டாவது மாடியில வழக்கம்போலத் தப்பான பக்கம் திரும்பி, அந்தக் கோடி வரைக்கும் போயிட்டுத் திரும்ப வந்தேன். அதுலதான் நேரம் போச்சு. மூணு ஐம்பதுக்கு நான் படியிலதான் இருந்தேன். நீங்க கையைக் காட்டினீங்களே, அந்தக் கதவுக்கு நேரா, அந்தப் படியில.

நீங்க பொய் சொல்லலை. அம்மா அந்தப் பக்கம்தான் இருந்தேன்.

நாலு வருஷமா நான் என்னையே கேட்டுக்கிட்டிருந்தது, தப்பாத் திரும்பாம இருந்திருந்தா பார்த்திருப்பேனோன்னுதான். உங்ககிட்ட நான் அதைச் சொன்னதே இல்லை. உங்க அலமாரியில ஒரு கவர் இருந்த மாதிரி என்கிட்டயும் ஒண்ணு இருந்திருக்கு. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல, ஒரே மேசையில சாப்பிட்டிருக்கோம், பாருங்க.

எப்போ வருவேன்னு கேக்காதீங்க. நீங்க மறைச்சதை என்னால இன்னும் மன்னிக்க முடியலை. ராத்திரி கோவம் வருது, காலையில உங்க முகம் ஞாபகம் வருது. துணி எடுக்க வரலை, அது அங்கேயே இருக்கட்டும். பச்சைப் புடவையை மட்டும் வெயில்ல போட்டு எடுத்து வைங்க, பூச்சி அரிக்கும்.

வாக்கியத்தை எடுக்க வேண்டாம். நாப்பது பக்கமும் அப்படியே இருக்கட்டும்னு எடிட்டர்கிட்டச் சொல்லுங்க. உங்க மூலச் சீட்டுல இடம் ஒண்ணு காலியா விட்டு எனக்கு வந்தா நான் திருப்பி அனுப்பிடுவேன்னு தெரியும்தானே? அதனால புதுச் சீட்டு ஒண்ணு இதோட வச்சிருக்கேன். பெட்டியில பழைய சீட்டு இருந்த இடத்துல இதை வைங்க. பழையதை எனக்கு அனுப்புங்க.

சொல்: பிவில்டர்.
பொருள்: வழி தெரியாது திகைத்தல். (நீங்க எழுதினதுதான். சரியா இருக்கு.)
எடுத்துக்காட்டு: எந்தப் பக்கம் போகணும்னு தெரியலையே.
சொன்னவர்: வாலு, வயசு ஏழு.
கேட்டவர்: அப்பா.

பதில் எழுத சீட்டுல இடம் கிடையாது. பின்பக்கம் எழுதியிருக்கேன். அது அச்சுக்கு இல்லை, உங்களுக்கு.

'அந்தப் பக்கம்டா கண்ணு. அம்மா வந்துக்கிட்டிருக்கா.'